எண்ணிக்கைக்கு வராத நாடி

சென்னியப்பன் இறந்துபோன செய்தியை அவருக்கே முதலில் சொன்னது ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு. காலை பத்து மணி. கதவருகே இருந்த நாடிப்பெட்டியில் அவர் மணிக்கட்டை வைத்தார். பெட்டி சற்று யோசித்தது. பிறகு இழவு வீட்டுக்கு வந்தவர் குரலில், "நாடி இல்லை. சென்னியப்பன் இறந்தவராகப் பதிவு செய்யப்பட்டார். குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்" என்றது.

குடும்பத்தார் அவர் பின்னாலேயே கூடையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தாள். கோகிலவாணி என்று பெயர்.

அன்று காலையிலிருந்தே இதுதான் கதை. முதலில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட், "நாடி இல்லை" என்று திறக்க மறுத்தது. நாலு மாடி இறங்கி வந்தார்கள். அடுத்து, காந்திபுரம் பேருந்து அதையே சொன்னது. பின்னால் இருபது பேர் நின்று உச்சுக்கொட்ட, கோகிலவாணி தன் மணிக்கட்டை வைத்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று உடன் வருவதாகப் பொத்தானை அழுத்தி அவரை ஏற்றிக் கூட்டிவந்தாள். முப்பத்தோரு வருடம் அரசு மேல்நிலைப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, விசில் ஊதினால் ஆயிரம் பிள்ளைகள் அசையாமல் நின்ற மனிதர், மனைவியின் குழந்தையாகப் பேருந்தில் வந்தார். அவருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். அன்று அது மூக்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

இந்த நாடிப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டை, கைரேகை, கண் என்று ஒவ்வொன்றாக நம் ஆட்கள் ஏமாற்றக் கற்றுக்கொண்ட பிறகு, அரசாங்கம் நாடிக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் நாடி போல இன்னொருவர் நாடி இருக்காது. ஒருமுறை போய் முப்பது விநாடி பதிந்துவிட்டால் போதும். ரேஷன், பேருந்து, வங்கி, லிஃப்ட் எல்லாமே மணிக்கட்டை வைத்தால் திறக்கும். அதிலும் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. செத்தவரின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அதனால் ஒரு விதி வந்தது. ஒரே நாளில் மூன்று வெவ்வேறு இடத்தில் நாடி இல்லையென்றால், அந்த ஆள் இறந்ததாகத் தானாகவே பதிவாகிவிடும். லிஃப்ட், பேருந்து, ஆஸ்பத்திரி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சென்னியப்பனுக்கு நாடி இல்லை என்பதும் உண்மைதான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய இதயத்தை எடுத்துவிட்டு ஒரு பம்பை வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும். துடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். கோயமுத்தூர்க்காரர் நெஞ்சுக்குள் பம்பு என்றால் ஊர் சும்மா விடுமா? பார்க்க வந்தவர்களெல்லாம் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், எங்கள் போர்வெல்லுக்கும் இதே கம்பெனிதான் என்று சந்தோஷப்பட்டார். பம்பு நன்றாகத்தான் ஓடியது. ஆஸ்பத்திரி கொடுத்திருந்த தொண்ணூறு நாள் தற்காலிகச் சீட்டு நாடிக்குப் பதிலாக எல்லா இடத்திலும் செல்லுபடியானது. நேற்றோடு அது முடிந்தது.

சீட்டு முடிந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். பம்பை ஓட்டுகிற பேட்டரியும் தற்காலிகம் என்பதுதான் விஷயம். இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்த அந்தப் பேட்டரிக்கு நூறு நாள் ஆயுள். நிரந்தரப் பேட்டரி ஆஸ்பத்திரிக் கிடங்கில் அவர் பெயர் ஒட்டித் தயாராக இருந்தது. கோகிலவாணி உள்ளே போய்க் கிடங்குப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுவந்தாள். அந்த அம்மாள் நல்ல மனுஷி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பேட்டரிப் பெட்டியையே எடுத்துக் காட்டினாள். ஆனால் அது உரியவரின் நாடி வைத்தால்தான் திறக்கும். இறந்தவர் பெயரில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது. உடைத்தால் பேட்டரி செத்துவிடும். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே, அதற்குள் நாடி மையத்தில் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சொல்வது இதைத்தான்.

நாடி மையத்தில் மூன்றாம் எண் மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி பிரணேஷ், சென்னியப்பனைக் கண்டதும் எழுந்து நின்றான். பள்ளியில் அவரிடம் படித்தவன். தாமதமாக வந்ததற்கு மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டீர்களே சார் என்று, அது நேற்று நடந்ததுபோலச் சொன்னான். நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். பிறகு திரையைப் பார்த்து முகம் வாடி உட்கார்ந்தான்.

"சார், நீங்க உயிரோட இருக்கறது எனக்குத் தெரியுதுங்க. அதுக்குத் தெரியலீங்களே" என்றான்.

அதற்குத் தெரியவைக்க என்ன வழி என்று சென்னியப்பன் கேட்டார். வழி சுலபம், நாடி ஒருமுறை வந்துவிட்டால் போதும், இறப்புப் பதிவு பிழை என்று தானாகவே அழிந்துவிடும் என்றான் பிரணேஷ். நாடிதான் இல்லையே என்றார் இவர். அப்படியானால் சென்னையில் உள்ள குழுவுக்கு மனுப் போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், போன வாரம்தான் கூடினார்கள் என்றான் அவன். புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாமே என்று கோகிலவாணி கேட்டாள். இறந்தவர்கள் புதிதாகப் பதிய விதியில் இடமில்லை என்றான். இதை இப்படியே நாலு முறை சுற்றி வந்தார்கள். அன்றைக்கு மைதானத்தில் அவன் ஓடிய நாலு சுற்றை இன்றைக்கு அவர் ஓடினார்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் வேப்பமரத்தடியில் நின்று கத்தினார். கையை ஆட்டினார், காலால் மண்ணை உதைத்தார். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"புள்ள, கோபம் வருது. ஆனா நெஞ்சுல ஒண்ணுமே ஆக மாட்டேங்குது. யாரோ கத்தறதப் பார்த்துட்டு நிக்கற மாதிரி இருக்குது."

மூன்று மாதமாகவே அப்படித்தான் இருந்தது. பம்பு ஒரே வேகத்தில் சுற்றியது. பயந்தாலும் படபடப்பில்லை, மாடி ஏறினாலும் இரைப்பில்லை. பேத்தி வீடியோவில் முதல்முதலாகத் தாத்தா என்று சொன்னபோது அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அது தலைக்குள் மட்டும் இருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. உயிரைக் கொடுத்த பம்பைக் குறை சொல்வது நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டார். கோகிலவாணி கூடையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரிடம் போனார்கள். தன்ஷிகா என்று பெயர், முப்பது வயது இருக்கும். பீளமேட்டில் மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற குடும்பம். வீட்டில் கிணற்றுப் பம்பு, இவள் கையில் நெஞ்சுப் பம்பு. அவளை வெளிச்சிகிச்சைப் பிரிவிலேயே பார்க்க முடிந்தது, அங்கே நுழைய நாடி தேவையில்லை. நடந்ததைக் கேட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"துடிக்காத பம்பச் செஞ்சது நாங்க. துடிப்ப எண்ணற பெட்டியச் செஞ்சது அவங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கவே இல்லீங் சார்."

பெட்டி என்னதான் செய்கிறது என்று சென்னியப்பன் கேட்டார். மாணவர்களின் நாடியைப் பிடித்து எண்ணிய கை அவருடையது. ஓட்டப்பந்தயம் முடிந்ததும் வரிசையாக நிற்கவைத்து எண்ணுவார். எண்ணுவதற்கு அவருக்குப் பெட்டி தேவைப்பட்டதில்லை.

தன்ஷிகா எழுந்து கை கழுவும் குழாயைச் சொட்டவிட்டாள். எண்ணச் சொன்னாள். அவர் எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு குழாயைச் சற்றுத் திறந்தாள். தண்ணீர் கம்பிபோல இறங்கியது.

"இப்ப எண்ணுங்க."

எதை எண்ணுவது?

"அவ்வளவுதானுங் சார். இது அனலாக். நூல் அறாம வர்றது. கூடும், குறையும், ஆனா எங்கயும் நிக்காது. பெட்டி டிஜிட்டல். அதுக்கு எண்ணு வேணும். விநாடிக்கு நூறு தடவ எட்டிப் பாத்து, ரத்தம் எவ்வளவு ஒசரத்துல இருக்குதுன்னு ஒவ்வொண்ணையும் ஒரு எண்ணா எழுதிக்கும். நடுவுல ஒரு கோடு போட்டு வெச்சிருக்குது. எண்ணு கோட்டத் தாண்டுனா ஒரு துடிப்பு. கீழ வந்து மறுபடி தாண்டுனா இன்னொண்ணு. உங்க ரத்தம் கோட்டத் தாண்டறதே இல்ல. நாள் பூரா ஓடுது, ஆனா அதுக்கு நீங்க பூஜ்ஜியம்."

எல்லாருடைய நாடியும் அலைபோல நூல் அறாமல்தானே வருகிறது, அதை மட்டும் எப்படி எண்ணுகிறது என்று அவர் விடாமல் கேட்டார். வாத்தியார் அல்லவா. அங்கேயும் அப்படித்தான், அலை நூல் அறாமல்தான் வருகிறது, பெட்டிதான் அதை வெட்டி வெட்டி எடுத்துக்கொள்கிறது, இரண்டு எட்டிப்பார்த்தலுக்கு நடுவே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது என்றாள் தன்ஷிகா. பெரும்பாலும் அதில் தவறில்லை. வெட்டி எடுத்ததே ஆளைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருக்கிறது. அலையே இல்லாத ஒருவர் வந்து நிற்பார் என்று யாரும் நினைக்கவில்லை, அதுதான் சிக்கல்.

அலைதானே வேண்டும், செய்துவிடலாம் என்று அவளே வழியும் சொன்னாள். பம்பை வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றிச் சுழலவிட்டால் ரத்தம் ஏறி இறங்கும். இரண்டு நாளில் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று வைத்துக்கொடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ தட்டியது. ஒன் டூ, ஒன் டூ என்று அணிவகுப்பு. சென்னியப்பனுக்குப் பழக்கமான தாளம்தான். சந்தோஷமாக நாடி மையத்துக்குப் போனார்.

பெட்டி முப்பது விநாடி கேட்டுவிட்டு, "இது நாடி அல்ல. கடிகாரம்" என்றது. போலி நாடி வைக்க முயன்றதற்காக எச்சரிக்கை ஒன்றையும் அச்சடித்துக் கொடுத்தது. இறந்தவருக்கு எச்சரிக்கை.

பிரணேஷுக்கே கோபம் வந்துவிட்டது. மனித நாடியில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி ஒரே மாதிரி இருக்காதாம், அந்த ஏறுமாறுதான் ஆளுக்கு ஆள் அடையாளமாம். சாரின் பழைய நாடி எப்படி இருந்ததோ அப்படியே வந்தால்தான் பெட்டி ஒத்துக்கொள்ளும் என்றான். அந்தப் பழைய நாடி உங்கள் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, ஒரு பிரதி எடுத்துக் கொடு என்றார் சென்னியப்பன். சொந்த நாடியை யாருக்கும் கொடுப்பதில்லை, உரியவருக்கே கொடுப்பதில்லை, கொடுத்தால் நாளைக்கே கடைத்தெருவில் விற்பார்கள் என்றான். ஆறு நாள் மிச்சம் இருந்தது. சென்னியப்பனுக்கு எரிச்சல் போய்க் களைப்பு வந்துவிட்டது. அதுதான் கோகிலவாணியைப் பயமுறுத்தியது. அவர் கத்தாமல் வீட்டுக்கு வந்தது அவளுக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

அடுத்த நாள் காலை அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் இறந்த நாளிலிருந்து அது தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. அவள்தான் படிக்காமல் அழித்துவந்தாள். அன்று படித்தாள்.

"மறைந்த தங்கள் கணவரின் நினைவு நாடியைப் பெற, மாலையிட்ட புகைப்படத்துடன் அருகிலுள்ள நாடி மையத்தை அணுகவும்."

இழவு வீடுகளில் அவள் பார்த்திருக்கிறாள். கருமாதி அன்று படத்துக்கு முன்னால் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். தொட்டால் செத்தவரின் நாடி முப்பது விநாடி துடிக்கும். தொட்டுவிட்டுப் பெண்கள் அழுவார்கள். பதிவு செய்த அன்று எடுத்த அதே முப்பது விநாடி. உயிரோடு இருப்பவருக்குத் தராததை அரசாங்கம் விதவைக்கு இலவசமாகத் தந்தது.

சென்னியப்பன் இதைக் கேட்டதும் துள்ளி எழுந்தார். உடனே புறப்படு என்றார். அவள் அசையவில்லை. மாலை போட்ட படம் வேண்டுமே என்றாள். போட்டால் போகிறது என்று அவரே பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சம்பங்கி மாலை வாங்கிவந்தார். ஓய்வுபெற்ற அன்று எடுத்த தன் படத்தை அவரே சுவரிலிருந்து கழற்றினார். மாலையைப் போடு என்று அவளிடம் நீட்டினார். என்னால் முடியாது என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். கடைசியில் அவரே தன் படத்துக்கு மாலை போட்டு, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, சரிசெய்து, அவரே போட்டோவும் எடுத்தார்.

நாடி மையத்தில் பிரணேஷ் படிவத்தை நிரப்பிவிட்டுத் தயங்கினான். அம்மா பெட்டியில் கையை வைத்து ஒரு வாக்கியம் சத்தமாகப் படிக்க வேண்டும், அது பதிவாகும் என்றான். திரையில் வாக்கியம் வந்தது. என் கணவர் சென்னியப்பன் இறந்துவிட்டார் என்பதை அறிவேன்.

கோகிலவாணி மணிக்கட்டை வைத்தாள். "என் கணவர்" என்றாள். நின்றுவிட்டாள்.

"சத்தமாகச் சொல்லவும்" என்றது பெட்டி.

மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறையும் அப்படியே. கண்ணில் தண்ணீர் இறங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஐந்து நாள்தான் இருக்கிறது, வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"சொல்லித் தொலையேன் புள்ள. நான் இங்கதான உக்காந்திருக்கறேன்."

அவள் திரும்பினாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா. உங்களுக்காகத்தான் அழுதுட்டிருக்கறேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வரிசையில் நின்றவர்கள் உண்மையிலேயே துக்கம் நடந்துவிட்டதாக நினைத்துத் தலை குனிந்தார்கள். பிரணேஷ் எழுந்து நின்று பெட்டியைக் கொடுத்தான்.

மறுநாள் தன்ஷிகா அதைத் திறந்து உள்ளே இருந்த எண்களைத் திரையில் போட்டுக் காட்டினாள். மூவாயிரம் எண்கள். சென்னியப்பன் என்கிற மனிதன், அரசாங்கத்தைப் பொறுத்தவரை, அந்த மூவாயிரம்தான். இது ஏமாற்று ஆகாதா என்று கோகிலவாணிக்குச் சந்தேகம். அவருடைய நாடியை அவர் வைக்கிறார், இதில் யாரை ஏமாற்றுகிறோம் என்றாள் தன்ஷிகா. வெட்டிப்போட்ட எண்களை வைத்து மறுபடி அலை வருமா என்று சென்னியப்பன் கேட்டார். எண்களைப் படிகளாகக் கொடுத்தாலும் ரத்தம் படியில் ஏறாது, சரிவில்தான் ஓடும், உங்கள் உடம்பே அதை மறுபடி அலையாக்கிவிடும் என்றாள். ரத்தக் குழாய் தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறித்தான் வரும், பெட்டி அதைக் கடிகாரம் என்று சொல்லாது. இடுப்புப் பட்டையில் ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் முப்பது விநாடி பழைய நாடி. பிறகு பம்பு தன் பாட்டுக்குச் சுற்றும்.

அழுத்தினார்.

நெஞ்சு குதித்தது. நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. காது சூடேறியது, கழுத்து நரம்பு புடைத்தது, கை நடுங்கியது. மூன்று மாதமாகத் தலைக்குள் மட்டும் இருந்த கோபமெல்லாம் திமுதிமுவென்று நெஞ்சுக்கு இறங்கிவந்தது. "நாலு மணி நேரமா நிக்கறேன், டீ குடிக்கப் போறேன்னா என்னங்க அர்த்தம்?" என்று தன்ஷிகாவைப் பார்த்துக் கத்தினார். அவள் திகைத்துப்போனாள். அவரே திகைத்துப்போனார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கோகிலவாணிக்குத் தெரிந்தது. ஏழு வருடத்துக்கு முன், சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அவர்கள் பதிவு செய்தார்கள். நாலு மணி நேர வரிசை. இவர் முறை வந்தபோது அங்கிருந்த ஊழியர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் இவர் போட்ட சண்டையில் மண்டபமே கூடிவிட்டது. அந்தச் சண்டையோடு சண்டையாகத்தான் மணிக்கட்டை வைத்தார். ஆக, சென்னியப்பன் உயிரோடு இருப்பதற்கு அரசாங்கத்திடம் இருக்கும் ஒரே சாட்சி, அவர் கோபமாக இருந்த முப்பது விநாடி. இனி எங்கே போனாலும் கோபப்பட்டுக் காட்டினால்தான் அவர் அவர்.

"புதுசா ஒண்ணுமில்ல, எப்பவும் அப்படித்தான" என்றாள் கோகிலவாணி. ஆறு நாளில் அன்றுதான் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மட்டும் ஏதோ மாறியது என்றார். குதித்துக்கொண்டிருந்தது திடீரென்று இறங்கியது, மூச்சு வாங்கியது, மனசு ஆறியது. தன்ஷிகா எண்களைத் தேடிப் பார்த்தாள். உண்மைதான். இருபத்திரண்டாம் விநாடியிலிருந்து துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. முப்பதாவதில் எண்பதுக்கு வந்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று எண்களில் இல்லை.

"அன்னிக்கு மண்டபத்துல உங்க கை ஆடிட்டே இருந்துச்சுங்க" என்றாள் கோகிலவாணி. "பாதியில பெட்டி பதிய மாட்டேன்னுச்சு. நாந்தான் கையப் புடிச்சு அமுக்கி வெச்சேன்."

அவருக்கு அது நினைவே இல்லை. சண்டை நினைவிருந்தது, ஊழியர் முகம் நினைவிருந்தது, டீ நினைவிருந்தது.

அன்று பிற்பகலே கிடங்குக் கதவு திறந்தது. "வணக்கம் சென்னியப்பன்" என்றது பெட்டி. இறப்புப் பதிவு பிழை என்று அழிந்தது. நிரந்தரப் பேட்டரி இடுப்பில் ஏறியது. அதற்குப் பதினைந்து வருட ஆயுள் என்று எழுதியிருந்தது. கோகிலவாணி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தப் போனாள். கோயில் கதவிலும் ஒரு நாடிப்பெட்டி இருந்தது.

புதுப் பேட்டரியோடு வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோகிலவாணி அவர் கையைப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்ததுபோலவே மணிக்கட்டில் பிடித்தாள். இருவரும் காத்திருந்தார்கள். அவருக்கு அவள் கை தெரிந்தது, கையின் சூடு தெரிந்தது, கண்ணாடி வளையல் தெரிந்தது. நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. பம்பு அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. விரலுக்கடியில் துடிப்பு இல்லாததை அவளும் தொட்டுப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆறு மாதம் போயிற்று. சென்னியப்பன் இப்போது எல்லா இடத்துக்கும் போய்வருகிறார். அவரைப் பற்றி ஊரில் புதிதாக ஒரு புகார் மட்டும் உண்டு. நாடிப்பெட்டி பத்து விநாடியில் ஆளைக் கண்டுபிடித்துவிடும். மணிக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் பையில் கை விட்டாலே பல்லைக் கடிக்கும் அந்த மனிதர், இப்போது பெட்டியில் வைத்த கையை எடுப்பதில்லை.

அன்றைக்கும் காந்திபுரத்தில் அப்படித்தான். காலை ஒன்பதரை, பின்னால் இருபது பேர், வெயில். சென்னியப்பன் பொத்தானை அழுத்திவிட்டு மணிக்கட்டை வைத்தார். முகம் சிவந்தது, தாடை இறுகியது. "வணக்கம் சென்னியப்பன்" என்றது பெட்டி. அவர் நகரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். ஆபீசுக்குப் போகிற ஒருவர், வணக்கம் சொல்லியாச்சல்லவா பெரியவரே, அப்புறம் என்ன என்று குரலை உயர்த்தினார். வேறொருவர், இந்த ஆளுக்கு இதே வேலை, நேற்று ரேஷன் கடையிலும் இப்படித்தான் நின்றார் என்றார். சென்னியப்பன் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்: இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

கோகிலவாணி அவருக்கும் வரிசைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். "இன்னும் எட்டு விநாடிதான்."